ஆகாயத்தில் ஒரு முறைப்பாசனம்

ஆகாயம் எல்லாருக்கும் பொது என்று நாம் சொல்லிக்கொண்டாலும், பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு நேர்வழியே செல்ல விரும்பும் விமானமும், ஏறியும் இறங்கியும் சுழன்றும் பயிற்சி செய்யவேண்டிய போர் விமானமும் ஒரே சமயத்தில் ஒரே இடத்தில் பறப்பதற்கில்லை. ஆகவே ஐரோப்பிய நாடுகள் நெடுங்காலம் தத்தம் வான்வெளியைச் சிவில் போக்குவரத்துக்கு இவ்வளவு, ராணுவத்துக்கு இவ்வளவு என்று பாகப்பிரிவினை செய்து வைத்திருந்தன. ராணுவம் பறக்காத நாளிலும் அதன் பாகம் வெறுமனே கிடக்க, பிரயாணி விமானங்கள் அதைச் சுற்றிப்போய் எரிபொருளை வீணாக்கின.

1996-ஆம் ஆண்டில் அங்கே நடைமுறைக்கு வந்த 'நெகிழ்வான வான்வெளிப் பயன்பாடு' என்னும் ஏற்பாடு இந்தப் பாகப்பிரிவினையை ரத்துசெய்து, ஏரித் தண்ணீரை முறைவைத்துப் பாய்ச்சுவது போன்ற ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தது. கொள்கையை நாட்டின் உயர்மட்டக் குழு வகுக்கிறது. மறுநாளைக்குரிய பங்கீட்டைச் சிவில் அதிகாரிகளும் ராணுவ அதிகாரிகளும் முதல்நாளே கூடி முடிவுசெய்கிறார்கள். அன்றன்று நேரும் மாறுதல்களை விமானக் கட்டுப்பாட்டாளர்கள் கவனித்துக்கொள்கிறார்கள்.

இந்தக் காரியம் முழுவதையும் தொலைபேசியிலும் காகிதத்திலும் நடத்துவதிலுள்ள சிரமத்தைக் குறைப்பதற்காக, புருஸ்ஸல்ஸைத் தலைமையிடமாகக் கொண்ட யூரோகன்ட்ரோல் ஸ்தாபனம் 'லாரா' என்னும் கணினிச் செயலியை உருவாக்கியது. விமானப்படையினர் தமக்கு வேண்டிய பகுதி, அதன் கீழெல்லை, மேலெல்லை, தொடங்கும் நேரம், முடியும் நேரம் ஆகியவற்றை அதில் பதிகிறார்கள். அதே பகுதியை அதே நேரத்துக்கு வேறொருவரும் கேட்டிருந்தால் முரண்பாடு உடனே புலப்பட்டுவிடுகிறது.

காலை 9 மணி முதல் 11 மணி வரை ஒரு பகுதியைப் பெற்ற படைப்பிரிவு, வானிலை கெட்டதனால் 10 மணிக்கே திரும்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அச்செய்தி பதிவானதும், தொலைவிலுள்ள கட்டுப்பாட்டாளரின் திரையில் அப்பகுதி விடுபட்டதாகத் தெரிகிறது. வயலுக்கு நீர் போதுமென்று கண்டவன் மடையை அடுத்தவனுக்குத் திருப்பிவிடுவதைப்போல, எஞ்சிய ஒரு மணி நேரமும் பிரயாணி விமானங்களுக்குக் குறுக்குவழியாகிறது. பெற்றதை வேண்டாதபோது உடனே திருப்பிக் கொடுக்கச் செய்வதே இக்கருவியின் முதன்மையான பிரயோஜனம் என்பது என் அபிப்பிராயம்.

நமக்கும் இது அந்நிய சமாசாரம் அன்று. இந்திய வான்வெளியில் 60 சதவீதமே தடையின்றிக் கிடைக்கிறதென்றும், கட்டுப்பாடுகளைத் தளர்த்தினால் சிவில் விமானத் துறைக்கு ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி ரூபாய் நன்மை கிட்டுமென்றும் 2020 மே மாதத்தில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார்.