போல்ட் மாறியது யாருடைய தவறு?

ஹாட்வெயார் கடைகளில் தினமும் காணும் காட்சி இது. வாடிக்கையாளர் பழைய போல்ட் ஒன்றைக் கையில் கொண்டுவந்து, "இதைப் போல தாங்க" என்பார். கடைப் பையனும் பெட்டிக்குள் துழாவி, ஒத்துப் பார்த்து எடுத்துக் கொடுப்பான். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். 1990 ஜூன் மாதம் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் விமான நிலையத்தில், ஒரு பயணிகள் விமானத்தின் முன்கண்ணாடிக்கும் இப்படித்தான் போல்ட் தெரிவு செய்யப்பட்டது.

ஜூன் 10ஆம் திகதி காலை அந்த பிரிட்டிஷ் எயார்வேஸ் விமானம் 81 பயணிகளுடன் ஸ்பெயினின் மலாகாவுக்குப் புறப்பட்டது. 17,300 அடி உயரத்தில் விமானியின் பக்கத்துக் கண்ணாடி கழன்று பறந்தது. விமானியின் பாதி உடல் வெளியே இழுபட்டது. பணியாளர்கள் அவரது கால்களை விடாமல் பிடித்துக்கொள்ள, உதவி விமானி சவுத்ஹாம்டனில் விமானத்தை இறக்கினார். எவரும் இறக்கவில்லை. வெளியே தொங்கிய விமானிகூட சில மாதங்களில் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

புதிதாகப் பூட்டிய 90 போல்ட்டுகளில் 84 போல்ட்டுகளின் விட்டம் 0.026 அங்குலம் குறைவு. ஒரு மில்லிமீற்றரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, அவ்வளவுதான். பூட்டியவர் பயிலுநர் அல்லர். அனுபவம் மிக்க மேற்பார்வையாளர். அன்றிரவு ஆள் குறைவாக இருந்ததால் தானே வேலையில் இறங்கியவர்.

நமது கடைகளில் என்றால் மறுநாளே அவருடைய கணக்கை முடித்து அனுப்பியிருப்போம். விமானத்துறை வேறுவிதமாகப் பார்க்கிறது. "என்ன தவறு" என்பதற்கு முன் "எந்த வகைத் தவறு" என்று கேட்கிறது. பிரித்தானிய உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் அதே 1990இல் வெளியிட்ட நூலில் இதைப் பிரித்துக் காட்டினார். செய்ய நினைத்தது சரி, கை தவறிவிட்டது அல்லது மறந்துவிட்டது என்பது ஒரு வகை. பில்லில் ஒரு பூச்சியம் கூடுவது இதில் சேரும். நினைத்ததே பிழை என்பது இன்னொன்று. விலை ஏறும் என்று கணித்து மூட்டைகளை அடுக்கி வைக்க, விலை இறங்கிவிடுவது போல. மூன்றாவது, விதி தெரிந்தும் மீறுவது. எண்ணிப் பாராமலே சரக்கை இறக்கிக் கையெழுத்துப் போடும் வழக்கம் எத்தனை கடைகளில் உண்டு! முதல் வகைக்கு ஏச்சு மருந்தாகாது, ஏனென்றால் கைதேர்ந்தவனுக்கும் கை தவறும். மூன்றாவது வகையோ, முதலாளி கண்டும் காணாமல் இருப்பதால்தான் வழக்கமாகிறது.

அந்த மேற்பார்வையாளரின் ஒரே வேலைக்குள் இவை மூன்றும் இருந்தன. உதிரிப்பாகப் பட்டியலில் இலக்கத்தைப் பார்க்காமல் விட்டது விதிமீறல். கழற்றிய பழைய போல்ட் சரியானது என்று நம்பியது கணிப்புப் பிழை, அதுவே 0.1 அங்குலம் கட்டையானது. வாசிப்புக் கண்ணாடி அணியாமல், வெளிச்சம் குறைந்த இடத்தில் கண்ணளவில் ஒத்துப் பார்த்தபோது கண் தவறியது.

விசாரணை அதோடு நிற்கவில்லை. முதலில் போன களஞ்சியத்தில் போதிய போல்ட் கையிருப்பில் இருக்கவில்லை. அடுத்து அவர் போன இடத்தில் பெட்டிகளுக்குப் பொறுப்பாக யாரும் இல்லை. பூட்டிய கண்ணாடியை இன்னொருவர் பரிசோதிக்க வேண்டும் என்ற விதியும் இல்லை. பின்னாளில் அமெரிக்கக் கடற்படை விமானப் பிரிவுக்காக ஷப்பெல், வீக்மன் என்ற இருவர் வகுத்த முறையில் இதற்கெல்லாம் தனித்தனி இடம் உண்டு. வேலை செய்தவரின் செயல் முதல் படி. அவர் வேலை செய்த சூழல், மேற்பார்வை, நிறுவனத்தின் போக்கு ஆகியன அதற்கு மேலுள்ள மூன்று படிகள். அந்த மனிதரை மட்டும் வெளியேற்றினால் மேலே உள்ள மூன்றும் அப்படியே இருக்கும்.

இந்தக் கதையில் என்னை அதிகம் உறுத்துபவர் களஞ்சியத்தில் நின்றவர். அந்தக் கண்ணாடிக்கு எந்த இலக்க போல்ட் வரும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வாய்விட்டுச் சொல்லவும் செய்தார். வந்தவர் பழைய போல்ட்டைக் காட்டி இதுதான் வேண்டும் என்றதும், அவர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.