ரேடியோ தொலைநோக்கியில் நினைவகத்தின் பணி

புனே நகருக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில், நாராயண்காவ் என்னும் ஊரை அடுத்த கோடத் கிராமத்தில், மாபெரும் மீட்டர் அலை ரேடியோ தொலைநோக்கி அமைந்துள்ளது. இதில் 45 மீட்டர் விட்டமுள்ள 30 அலைவாங்கிகள் உள்ளன. அவற்றுள் 14 நடுவிடத்தில் நெருங்கி நிற்கின்றன. எஞ்சிய 16 மூன்று கிளைகளாகப் பரந்து நிற்கின்றன. இவற்றிடையே மிகுதியான இடைவெளி சுமார் 25 கிலோமீட்டர். உதகமண்டலத்து ரேடியோ தொலைநோக்கியை 1970-இல் உருவாக்கிய கோவிந்த் ஸ்வரூப் அவர்களின் தலைமையில் எழுந்த இதனை, புனேயிலுள்ள தேசிய ரேடியோ வானியற்பியல் மையம் நடத்தி வருகிறது.

முப்பது அலைவாங்கிகளும் ஒரே கருவிபோல் இயங்க வேண்டுமாயின், ஒரே அலைமுகப்பு அவற்றில் தோற்றுவித்த குறிகளை இணைத்து ஒப்பிடல் வேண்டும். ஆனால் அம்முகப்பு எல்லா அலைவாங்கிகளையும் ஒரே கணத்தில் அடைவதில்லை. குறிகள் மைய நிலையத்துக்கு ஒளியிழை வழியே வருகையிலும் தாமதம் நேருகிறது. ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறத்தாழ 5 மைக்ரோவினாடி ஆகும். பூமி சுழல்வதால் இத்தாமதங்களின் கூட்டுத்தொகையும் ஓயாது மாறுகிறது.

2010-களில் நடைபெற்ற மேம்பாட்டின் பயனாக, இத்தொலைநோக்கி ஒரே வேளையில் ஏற்கும் அலையகலம் 32 மெகாஹெர்ட்சிலிருந்து 400 மெகாஹெர்ட்சாகப் பெருகியது. அலையகலத்தின் இருமடங்கு வீதத்தில், அதாவது வினாடிக்கு 80 கோடி முறை, குறியை அளந்து எண்ணாக்க வேண்டும். பத்துக் கிலோமீட்டர் ஒளியிழையில் வரும் குறிக்கு 50 மைக்ரோவினாடி தாமதமெனில், அருகிலுள்ள அலைவாங்கியின் 40,000 எண்கள் அதுவரை எங்கேனும் காத்திருக்க வேண்டும். அவ்விடமே நினைவகம்.

இம்மேம்பாட்டில் 'ரோச்' எனப்படும் மின்னணுப் பலகைகள் பயன்படுத்தப்பட்டன. இவற்றின் நடுவே உள்ளது எஃப்.பி.ஜி.ஏ. என்னும் சில்லு. செய்து முடித்த பின்னரும் அதன் உள்ளிணைப்புகளைத் தேவைக்கேற்ப மாற்றியமைக்கலாம். பலகையில் மூவகை நினைவகங்கள் உள்ளன. சில்லின் உள்ளேயே இருப்பது மிக விரைவானது. ஆயின் அதன் கொள்ளளவு ஒரு மெகாபைட் அளவே. வெளியே, எழுதுதலும் படித்தலும் தனித்தனி வழிகளில் ஒருங்கே நிகழும் நிலைநினைவகம் உண்டு. மூன்றாவது, வீட்டுக் கணினிகளில் காணும் இயங்குநினைவகம். கொள்ளளவு பெரிது, விலை குறைவு.

இம்மூன்றாவதில் ஒரு தொல்லை உண்டு. அதில் ஒவ்வொரு எண்ணும் நுண்ணிய மின்தேக்கிகளில் மின்னூட்டமாகத் தங்குகிறது. மின்னூட்டம் கசிவதால், பொதுவாக 64 மில்லிவினாடிக்குள் எல்லா வரிசைகளையும் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அக்கணங்களில் நினைவகம் எழுத்தையும் ஏற்காது, படிப்பையும் தராது. வானலையோ நிற்பதில்லை. வாய்க்கால் நீர் ஓடிக்கொண்டிருக்க, மடை சிறிது நேரம் அடைபட்டால், முன்னே ஒரு தொட்டி இருந்தாலன்றி நீர் கரை கடந்து வீணாகும். ஆதலின், சில்லுக்கும் நினைவகத்துக்கும் இடையே அமையும் இடைமுகத்தில், முதலில் வந்தது முதலில் வெளியேறும் சிறு தொட்டியொன்றை விரைவான உள்நினைவகத்தில் அமைக்கின்றனர். சராசரி வேகம் போதுமானதாக இருப்பினும், மிக நீண்ட தடையைத் தாங்கும் அளவு தொட்டிக்கு இல்லாவிடில் எண்கள் இழக்கப்படும்.

மேம்பட்ட தொலைநோக்கியின் அமைப்பில் ரோச் பலகைகளின் பணி குறிகளை எண்ணாக்கிப் பொட்டலங்களாக அனுப்புவதாகும். தாமதத்தைச் சமன்செய்வதும் ஒப்பிடுவதும் கணினிகளில் நடைபெறும். எவ்விடத்திலாயினும் விதி ஒன்றே. சில மில்லிவினாடிகளே நீடிக்கும் துடிப்பு விண்மீனின் துடிப்பொன்று தவறினால், அதே துடிப்பை மீண்டும் பெற வழியில்லை.

ஆசிரியர்கள் மாணவரிடம் ஒரு கணக்கைத் தரலாம். ஒளியிழையின் நீளம் 3 கிலோமீட்டர் எனில், காத்திருக்கும் எண்கள் எத்தனை? தாமதம் 15 மைக்ரோவினாடி, விடை 12,000.