மூளை தானம்: மருத்துவமும் மார்க்கமும்

உறுப்பு தானம் என்றதும் நம் பகுதி மக்களுக்கு 2008-ல் திருக்கழுக்குன்றம் ஹிதேந்திரனின் பெற்றோர் எடுத்த முடிவு நினைவுக்கு வரும். மூளைச்சாவு அடைந்த அந்த மாணவரின் இதயம் ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. மூளை தானம் அப்படியல்ல. மூளையை யாருக்கும் பொருத்த முடியாது; ஆராய்ச்சிக்கு மட்டுமே அது பயன்படும்.

அல்சைமர் என்னும் மறதி நோய், பார்க்கின்சன் என்னும் நடுக்க நோய் போன்றவற்றை முழுமையாக அறிய மூளைத் திசுவை நுண்ணோக்கியில் ஆராய வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க நோயற்றவர்களின் மூளையும் தேவை. இதற்காகவே பெங்களூரு நிம்ஹான்ஸில் 1995 முதல் மூளை வங்கி இயங்குகிறது.

மண்டை ஓட்டைத் திறந்துதான் மூளையை எடுப்பார்கள். ஆனால் முகம் சிதைவதில்லை. உடல் குடும்பத்தாரிடமே திரும்ப வரும். குளிப்பாட்டி, கஃபனிட்டு, ஜனாஸா தொழுகை நடத்தி அடக்கம் செய்யலாம். இருப்பினும் மரணித்த சில மணி நேரங்களுக்குள் எடுத்தாக வேண்டும். மாகறல் போன்ற கிராமத்தில் வீட்டிலேயே வஃபாத்தாகிறவருக்கு இது எளிதல்ல.

மார்க்கம் என்ன சொல்கிறது? மய்யித்தின் கண்ணியம் காப்பதும், அடக்கத்தை விரைவுபடுத்துவதும் நம் கடமை. 1988-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி, மரணித்தவரின் உறுப்பை உயிருள்ளவருக்குப் பொருத்துவதை நிபந்தனைகளுடன் அனுமதித்தது. அங்கே ஓர் உயிர் உடனே காக்கப்படுகிறது. ஆராய்ச்சியின் பலனோ பிற்காலத்தில் கிடைப்பது. எனவே இரண்டையும் ஒன்றாகக் கருதிவிட முடியாது. உலமாக்களிடையே கருத்து வேறுபாடும் உண்டு.

விருப்பமுள்ளவர்கள் நம்பகமான ஆலிமிடம் விளக்கம் கேட்டு, தம் முடிவைப் பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. துக்க வேளையில் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் அவர்கள்தானே!