உயிரோடு போய்ச் சேர வேண்டிய ரத்தம்

அடுத்தடுத்து கரு கலைந்தால், கணவன், மனைவி இருவருக்கும் குரோமோசோம் பரிசோதனை செய்யச் சொல்வார்கள் டாக்டர்கள். சர்க்கரை அளவு பார்க்க ரத்தம் கொடுப்பது போன்றதல்ல இது. ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் உயிரோடு லேபுக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே சுமார் 72 மணி நேரம் வளர்த்து, அவை பிரியும் நேரத்தில் நிறுத்தினால்தான் 46 குரோமோசோம்களும் இருக்கின்றனவா, இடம் மாறியிருக்கின்றனவா என்று பார்க்க முடியும்.

அதனால், ரத்தம் கட்டாமலிருக்க ஹெப்பாரின் சேர்த்த பச்சை மூடிக் குழாயில் எடுப்பார்கள். குலுக்காமல், மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்திக் கலக்க வேண்டும். ஃப்ரீசரில் வைத்தாலும், வெயிலில் நிற்கும் வண்டியில் விட்டாலும் அணுக்கள் இறந்துவிடும். பிறகு மறுபடியும் ஊசி, மறுபடியும் காத்திருப்பு.

குழாயில் தங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்று கிளம்பும் முன் இருவரும் பார்த்துக்கொள்வது நல்லது.