கொட்டகையில் நிற்கும் வண்டியும் பனித்துளியும்

மழைக்காலம் தொடங்கியதும் களப்பணி குறைந்துவிடுகிற இலாகாக்கள் நம் நாட்டில் பல உள்ளன. நில அளவை, மண் ஆய்வு, கனிமத் தேட்டம் முதலிய வேலைகளில் ஈடுபட்ட குழுவினர் தலைமையிடம் திரும்பியதும், அவர்களோடு காடுமேடெல்லாம் அலைந்த ஜீப் வண்டி கொட்டகைக்குள் போகிறது. தார்ப்பாயைப் போர்த்திக் கதவை இறுகச் சாத்திப் பூட்டிவிட்டால் ஒரு சொட்டு மழையும் வண்டிமீது படாது என்று நாம் நிம்மதியடைகிறோம். மூன்று மாதம் கழித்துத் திறக்கும்போதோ, பிரேக் டிரம்மின் உட்புறத்தில் செந்துரு ஏறி, ஷூ அதனோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இருக்கையில் பூஞ்சணம் படர்ந்திருக்கிறது. மின்கம்பி இணைப்புகளில் பச்சை பூத்திருக்கிறது. பின்னர் மலைச்சாலையில் இறங்கும்போது பிரேக் ஒருபக்கமாக இழுத்தால், அதன் காரணத்தைக் கொட்டகையில் தேடுவோர் மிகச் சிலரே.

கூரை ஒழுகவில்லை, மழை படவில்லை. அப்படியாயின் நீர் எங்கிருந்து வந்தது?

பனி வானத்திலிருந்து பெய்கிறது என்றே மக்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். லண்டன் மருத்துவரான வில்லியம் சார்ல்ஸ் வெல்ஸ் என்பவர், நிறுத்தெடுத்த கம்பளித் துணுக்குகளை இரவில் வெளியே வைத்து, அவற்றில் ஏறிய ஈரத்தை மீண்டும் நிறுத்துப் பார்த்து, பனி பெய்வதன்று, குளிர்ந்த பொருள்களின்மீது காற்றிலுள்ள நீராவி படிவதே என்று 1814-ல் வெளியிட்ட நூலில் விளக்கினார். கொட்டகையில் நிகழ்வதும் இதுவே. 28 டிகிரி சென்டிகிரேட் வெப்பமுள்ள காற்று, ஒரு கன மீட்டரில் ஏறத்தாழ 27 கிராம் நீராவியைத் தாங்கும்; 24 டிகிரியில் சுமார் 22 கிராம்தான் தாங்கும். 28 டிகிரியில் ஈரப்பதம் 90 சதவிகிதமாக உள்ள காற்றில் 24 கிராமுக்குச் சற்று மேற்பட்ட நீராவி இருக்கும். அக்காற்று 24 டிகிரியிலுள்ள இரும்பைத் தொட்டவுடன், தாங்க முடியாத மிகுதியை அதன்மீது நீராக விட்டுச் செல்கிறது. எந்த உஷ்ணநிலையில் நீர் படியத் தொடங்குமோ, அதுவே பனிநிலை. மேற்கூறிய காற்றின் பனிநிலை ஏறத்தாழ 26 டிகிரி.

இரும்பின் கனமே இங்குப் பகையாகிறது. காலை எட்டு மணிக்கு வெயில் எட்டிப்பார்த்ததும் காற்று விரைவில் சூடேறுகிறது. நனைந்த தரையிலிருந்து நீராவியும் எழுகிறது. இரவெல்லாம் குளிர்ந்த என்ஜினும் சட்டமும் சூடேறச் சில மணி நேரமாகும். கொட்டகையைக் காற்றாட விடுகிறேன் என்று நல்லெண்ணத்தோடு அப்பொழுது கதவைத் திறப்பவர், உண்மையில் வண்டிக்கு நீர் தெளிக்கிறார். வட இந்தியச் சமவெளிகளில் தை மாதத்திலும் இது நேரும். ஒரு வாரக் குளிருக்குப் பின் மேகமூட்டத்தோடு சற்று வெப்பமான ஈரக்காற்று வரும்பொழுது, 9 டிகிரியிலேயே இருக்கும் இரும்பு வியர்த்துக் கொட்டும்.

ஆகவே, கதவைத் திறப்பதா மூடுவதா என்பதை வெளியே மழை பெய்கிறதா என்று பார்த்து முடிவு செய்தல் போதாது. பனிநிலையையும் இரும்பின் உஷ்ணநிலையையும் ஒப்பிட வேண்டும். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டுவதில்லை. வெளிப்புறம் பளபளப்பான எவர்சில்வர் தம்ளர் ஒன்றில் பாதியளவு நீர் ஊற்றி, ஒரு வெப்பமானியை வைத்து, சிறு பனிக்கட்டித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டு மெல்லக் கலக்குக. தம்ளரின் புறத்தே மங்கல் தோன்றும்போதும், பனிக்கட்டியை எடுத்தபின் அது மறையும்போதும் காணும் இரு அளவுகளின் சராசரியே பனிநிலை. நம் மூச்சு தம்ளரின்மீது படலாகாது. உயர்நிலைப் பள்ளி மாணவர் எவரும் இதனைச் செய்வர். பாடத்துக்கும் உதவும், பள்ளி வண்டிக்கும் உதவும். மற்றொரு வெப்பமானியைச் சட்டத்தோடு ஒட்டிப் பஞ்சால் மூடிக் கால்மணி நேரம் கழித்துப் பார்க்க. இரும்பின் அளவு பனிநிலையைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக இருந்தால் தாராளமாகத் திறக்கலாம். இல்லையேல் மூடியே வைக்க வேண்டும். மழைக்காலத்தில் பெரும்பாலும் பிற்பகலே இதற்கு ஏற்ற நேரம்.

துளி படியாத இடத்திலும் துரு ஏறுவதுண்டு. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 சதவிகிதத்தைத் தாண்டியதும் இரும்பு துருப்பிடிக்கும் வேகம் திடீரென மிகுவதை வெர்னன் என்னும் ஆங்கில விஞ்ஞானி முன்னமே காட்டினார். உப்புப் படிந்த இரும்புக்கு அவ்வளவு ஈரமும் வேண்டியதில்லை. உப்பு தானே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கடற்கரையில் உலோகங்கள் படும் பாட்டை, காரைக்குடியில் 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்இரசாயன ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் நேரில் வைத்து ஆராய்ந்து வந்துள்ளது. சேறும் உப்பும் போக அடிப்பாகத்தை நல்ல நீரில் கழுவி, இரண்டு நாள் வெயிலில் உலர்த்திய பின்னரே வண்டியைக் கொட்டகையில் விடவேண்டும்.

தரையைப் பலர் மறந்துவிடுகின்றனர். உலர்ந்ததாகத் தோன்றும் சிமெண்டுத் தரையும் கீழேயுள்ள மண்ணின் ஈரத்தை ஓயாது மேலே விடக்கூடும். ஒரு முழச் சதுரமுள்ள பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு விளிம்புகளையும் ஒட்டி, ஓர் இரவும் பகலும் விட்டுவைக்க. அடிப்புறத்தில் நீர்த்துளி கண்டால், வண்டியின் கீழே தடித்த பாலிதீன் விரிப்பைப் பரப்புதல் நலம். பிளாஸ்டிக் கீழேதான் வேண்டும், மேலே கூடாது. காற்றுப் புகாத போர்வை உள்ளேயுள்ள ஈரத்தைச் சிறைப்படுத்திவிடும். தூசிக்குப் பருத்தித் துணியே போதும்.

சிறிது வெப்பம் பேருதவி செய்யும். மேலே சொன்ன 90 சதவிகித ஈரக்காற்றை 5 டிகிரி சூடாக்கினால், நீராவி ஒரு துளியும் குறையாமலே ஈரப்பதம் 70-க்குச் சற்றுக் கீழே இறங்கிவிடும். பழைய குண்டு விளக்கு ஒளியோடு இந்த வெப்பத்தையும் ஓரளவு தந்தது; இன்றைய எல்.இ.டி. விளக்கு தருவது சொற்பம். குறைந்த மின்சக்தியுள்ள சூடேற்றியைப் பெட்ரோல் ஆவி அணுகாத இடத்தில் வைக்கலாம். மண்ணெண்ணெய் அடுப்பு மட்டும் ஆகவே ஆகாது. ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாகக் கொட்டகையில் சேரும்.

பெட்ரோலுக்கும் இதே கணக்குத்தான். வாரம் ஒருமுறை என்ஜினை ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தும் வழக்கம் ஆதலால் தீமையே பயக்கும். சூடேறாத சைலன்சரிலும் எண்ணெய்த் தொட்டியிலும் நீர் தங்கிவிடுகிறது. மூடிய கொட்டகையில் நச்சுப் புகையால் உயிருக்கே ஆபத்து. ஓட்டுவதானால் சாலையில் அரைமணி நேரமாவது ஓட்டுக. இல்லையேல் தொடாதிருப்பதே மேல். டாங்கியை நிரப்பி வைத்தால் ஈரக்காற்று புக இடம் குறையும். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் நீரை உறிஞ்சுவதால் இது முன்னைவிட அவசியமாகிறது.

கைப்பிரேக்கை விடுவித்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியைக் கியரில் நிறுத்தவேண்டும். அப்பொழுது ஷூ டிரம்மோடு ஒட்டாது. பிரேக் திரவமும் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சுவதே. ஈரம் ஏறிய திரவம் நீண்ட இறக்கத்தில் சூடேறிக் கொதித்து ஆவியாகுமானால், மிதியை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காது. களப்பருவம் தொடங்கி முதற்பயணம் புறப்படுமுன், டிரம்களைக் கழற்றிப் பார்ப்பதோடு அத்திரவத்தையும் மாற்றிவிடுக.