கரிசல் காட்டில் சுழல்வது டொர்னாடோவா?

சித்திரை வெயிலில் சாத்தூர் பக்கம் குப்பையை அள்ளிக்கொண்டு சுழன்று போகிறதே, அதுதானா டொர்னாடோ?

இல்லை. தரை சூடேறி, காற்று கீழிருந்து மேலே கிளம்புவதால் வரும் சுழற்காற்று அது. வானம் வெளுத்தே இருக்கும். பாலிதீன் பையைத் தூக்கி விளையாடிவிட்டு சற்று நேரத்தில் ஓய்ந்துவிடும். டொர்னாடோ என்பது இடிமேகத்தின் அடியிலிருந்து தும்பிக்கைபோல் இறங்கித் தரையைத் தொடுவது. புயலோ கடலில் பிறந்து நாள்கணக்கில் நகர்வது. எல்லாவற்றுக்கும் 'சூறாவளி' என்றே எழுதிக் குழப்பியதில் பத்திரிகைக்காரர்களான எங்களுக்கும் பங்கு உண்டு.

நம் நாட்டில் டொர்னாடோ வந்திருக்கிறதா?

1978 மார்ச் 17-ல் வடக்கு டெல்லியைச் சில நிமிடங்களே தாக்கியது. 28 பேர் இறந்தனர். பக்கத்து வங்கதேசத்தில் 1989 ஏப்ரல் 26 அன்று மாணிக்கஞ்ச் மாவட்டத்தில் சுமார் 1,300 பேர் பலியானார்கள். உலகிலேயே அதிக உயிர்களைக் குடித்த டொர்னாடோ அதுதான் என்பார்கள். மாதக்கணக்கில் மழைக்கு ஏங்கிக் கிடந்த பகுதி அது.

விருதுநகர் பக்கம் வருமா?

மிக அரிது. உயரம் கூடக் கூடக் காற்றின் வேகமும் திசையும் வெகுவாக மாறினால்தான் மேகம் சுழலும். நம் கோடை மேகங்களில் அந்த மாற்றம் பொதுவாகக் குறைவு. இங்கே தகரக் கூரையைப் பிடுங்குவது, மேகத்திலிருந்து கொட்டி இறங்கி நாலாபுறமும் பாயும் குளிர்காற்று. அதைவிடப் பெரிய பயம் மின்னல். இடி விழுந்து பட்டாசு ஆலை வெடித்த செய்தி இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல.

ஆலையில் இருக்கும்போது மேகம் கறுத்தால்?

டொர்னாடோவுக்கு உலகம் சொல்லும் பாடம், கீழ்த்தளத்தில் ஜன்னலில்லாத உள்ளறைக்குப் போ என்பது. வெடிமருந்து இருக்கும் அறைக்கு அது பொருந்தாது. இடி மின்னலின்போது வேலையை நிறுத்தி வெளியேற வேண்டும் என்பது வெடிபொருள் விதி. கூலி எண்ணிக்கைக் கணக்கில் என்பதால் 'இந்த ஒரு குரோஸை முடிச்சிட்டு எந்திரிக்கிறேன்' என்று தோன்றும். முதல் தூறலில், வத்தலை அள்ள ஓடுவதுபோலக் காயப்போட்ட சரக்கை அள்ளக் கால் பரபரக்கும். இரண்டும் வேண்டாம். வேப்ப மரத்தடியும் வேண்டாம். மருந்தில்லாத, தள்ளியிருக்கும் கான்கிரீட் கட்டடத்துக்குப் போங்கள்.

வேனில் வரும்போது?

மின்னல் மட்டும் என்றால் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே இருங்கள். தும்பிக்கை தரையைத் தொட்டு, ஒதுங்கக் கட்டடமும் இல்லையென்றால், இறங்கிப் பள்ளத்தில் குப்புறப் படுத்துத் தலையை மூடுங்கள். பாலத்தடியில் ஒதுங்காதீர்கள், அங்கே காற்று இன்னும் வேகமெடுக்கும்.

மழை விட்டதும் வேலைக்குத் திரும்பலாமா?

கடைசி இடி கேட்டு 30 நிமிடமாவது போகட்டும். மின்கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாமல் 1077-க்குச் சொல்லுங்கள்.