ஜீப்பைத் தின்னும் தண்ணீர்

வில்லிஸ் ஜீப்பின் தரைத் தகட்டுக்கு அடியில், தொப்பியைக் கவிழ்த்த வடிவில் நீளமான இரும்புப் பட்டிகள் ஓடும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அவற்றுக்குள் மரக்கட்டையைச் செருகினார்கள். தரைக்கு விறைப்பு கிடைத்தது. ஆனால் உள்ளே புகுந்த மழைநீரை மரம் குடித்துவிட்டு, காயவே விடாமல் இரும்போடு ஒட்டி வைத்திருந்தது. இன்று அந்த வண்டிகளைப் பிரிப்பவர்கள் அந்த இடத்தில் அடிக்கடி காண்பது செதில் செதிலான துருவைத்தான். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். ஒன்றன்மேல் ஒன்றாகப் பற்றவைத்த இரண்டு தகடுகளுக்கு நடுவே அது வளர்ந்தால், அவற்றைப் பிளந்தே விடும்.

பான்டம் நிறுவனத்துக்காக கார்ல் புரோப்ஸ்ட் வரைந்த ஜீப்பின் முதல் மாதிரி, 1940 செப்டம்பர் 23 அன்று அமெரிக்காவின் ஹோலாபேர்ட் ராணுவ முகாமுக்கு வந்து சேர்ந்தது. போர் முடிவதற்குள் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்துவிட்டன. போர்முனைக்காக அவசரமாகச் செய்த வண்டி 80 ஆண்டு தாங்க வேண்டும் என்று யாரும் கணக்குப் போடவில்லை. அந்தக் கணக்கைப் போடுவது இப்போது வண்டியை வைத்திருப்பவரின் பொறுப்பு. அவர் முதலில் கவனிக்க வேண்டியது தண்ணீரை.

அந்தத் தண்ணீர் வானத்திலிருந்து மட்டும் வருவதில்லை, எஞ்சினே அதைத் தயாரிக்கிறது. பெட்ரோலில் கார்பனோடு ஹைட்ரஜனும் இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். சூடான எஞ்சினில் அது பெரும்பாலும் ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். எஞ்சின் குளிர்ந்திருந்தால் ஒரு பகுதி பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கி, ஆயிலில் கலந்து நிற்கும். எரியாத பெட்ரோலும் எரியும்போது உண்டான அமிலங்களும் அதோடு சேரும். நிறுத்தி வைத்த வண்டியை வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் உறும விட்டு அணைக்கும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. அக்கறையோடு செய்வதுதான், ஆனால் எஞ்சினுக்குக் கெடுதல். எடுத்தால் அரை மணி நேரமாவது சாலையில் ஓட்டி, ஆயில் நன்றாகச் சூடேறி ஈரம் வெளியேறிய பிறகு நிறுத்த வேண்டும். அதற்கு வசதியில்லை என்றால் ஸ்டார்ட் செய்யாமலே விட்டுவிடலாம்.

பல ஆண்டு நின்று, பிஸ்டன் சிலிண்டரோடு துருப்பிடித்து இறுகிய எஞ்சின் வந்தால் பொறுமை வேண்டும். கயிறு கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்ய முயன்றால் ரிங் உடையும், கனெக்டிங் ராடு வளையும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துருவை ஊடுருவும் எண்ணெயை ஊற்றி, நாள்கணக்கில் ஊற விட்டு, கைப்பிடியால் முன்னும் பின்னும் மெல்ல அசைப்பதுதான் வழி.

பிரேக் ஆயிலும் ஈரம் பிடிப்பதுதான். கிளைக்கால் வகை ஆயில் காற்றிலிருந்தே நீரை இழுத்துக்கொள்ளும். டாட் 3 தரத்தின்படி புதிய ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த வரம்பு 140 டிகிரிதான். மலைப்பாதை இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால், மிதி வெறுமனே கீழே போகும். ஈரம் வீல் சிலிண்டரையும் உள்ளே குழி குழியாக அரித்துவிடும். ஓட்டாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுவது நல்லது. பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்பதால் அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது.

இந்தியாவில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. எத்தனாலும் நீரை ஈர்க்கும். பழைய ரப்பரையும் கார்ப்பரேட்டரின் பேக்கிங்குகளையும் கெடுக்கும். ஜீப்பின் பெட்ரோல் டேங்க் ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலேயே இருக்கிறது. கசிவை அலட்சியப்படுத்த முடியாது.

மின்சாரத்திலும் துருவின் வேலை தெரியும். போர்க்கால ஜீப்புக்கு 6 வோல்ட் பேட்டரி. செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கும்போது, துருவேறிய இணைப்பில் ஓம்மில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தால்கூட ஒன்றரை வோல்ட் அங்கேயே தொலையும். மொத்தத்தில் கால் பங்கு! அதே திறனுள்ள 12 வோல்ட் வண்டியில் பாதி மின்னோட்டமே ஓடும் என்பதால், இழப்பு பதினாறில் ஒரு பங்குதான். "6 வோல்ட் இழுக்காது" என்று பேட்டரியை மாற்றும் முன், எர்த் ஒயர் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பளபளவெனத் தேய்த்துப் பாருங்கள்.

நம் நாட்டில் ஜீப்புக்கு உதிரிபாகத் தட்டுப்பாடு குறைவு. மஹிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியிலிருந்தே மும்பையில் வில்லிஸ் ஜீப்புகளை இணைத்து விற்றது. பிறகு தானே தயாரித்தது. அந்த வசதியில்தான் பல போர்க்கால வண்டிகள் தங்கள் அடையாளத்தை இழந்தன. கைக்குக் கிடைத்த டீசல் எஞ்சினும் பிற்காலத்து பாடியும் ஏறிவிட்டன. சேஸைப் பார்த்தால் உண்மை தெரியும். வில்லிஸில் முன்பக்கக் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாய், ஃபோர்டில் கவிழ்த்த U வடிவச் சட்டம். ஃபோர்டு தன் போல்ட்டுகளின் தலையில்கூட தன் பெயரின் முதல் எழுத்தை அச்சிட்டது.

ஆகவே மணல் அடிக்கும் இயந்திரத்தை எடுப்பதற்கு அவசரம் வேண்டாம் என்பேன். அது மெல்லிய தகட்டை நெளித்துவிடும். அதைவிடப் பெரிய இழப்பு, பூச்சோடு சேர்ந்து சாட்சியமும் போவது. பானெட்டையும் பம்பரையும் நுண்ணிய உப்புத்தாளால், நீர் விட்டு, அடுக்கடுக்காகத் தேய்த்தால் அடியில் ராணுவப் பதிவெண்ணும் படைப்பிரிவின் குறியும் வெளிப்படலாம். அவற்றைப் படம் எடுத்து, அளந்து, தாளில் படியெடுத்த பிறகே புதுப் பூச்சுக்கு டப்பாவைத் திறக்க வேண்டும்.